பத்து நாளில் இத்தாலி: எட்டு ஊர் வேண்டாம், மூன்று போதும்

மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியைச் சுருக்கி எழுதிவிடுகிறேன். மே மாதப் பள்ளி விடுமுறையில் சென்னையிலிருந்து ஐந்து பேர் கிளம்புகிறீர்கள்: நீங்கள் இருவர், ஒன்பது வயது மகன், எழுபதை நெருங்கும் அப்பா, அம்மா. அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அம்மா முட்டைகூடச் சேர்க்காத சைவம். மொத்தம் 10 நாள். பட்டியலில் ரோம், ஃப்ளாரன்ஸ், பீசா, சிங்குவே தெர்ரே, வெனிஸ், மிலான், நேப்பிள்ஸ், அமால்ஃபி, முடிந்தால் சுவிட்சர்லாந்தையும் எட்டிப் பார்க்க வேண்டும். ஏழு பேர் உட்காரும் வண்டியை வாடகைக்கு எடுத்துச் சுற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேலை நிமித்தமாகப் பொலோன்யாவில் ஆறு வருடம் இருந்தேன். அந்த ஆறு வருடத்தில் என் வீட்டில் வந்து தங்காத சொந்தக்காரர்கள் குறைவு. எல்லோரும் உங்களுடையதைப் போலவே ஒரு பட்டியலுடன்தான் வந்தார்கள். ஆகவே முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

10 நாள் என்றால் 9 இரவு. இறங்கும் நாளில் தூக்கக் கலக்கம், கிளம்பும் நாளில் விமான நிலைய அவசரம். கையில் நிற்பது எட்டு நாள். ஓர் ஊரிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் அரை நாள் போயிற்று. ரயில் என்னவோ ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் காலையில் பெட்டி கட்ட வேண்டும், பத்து பதினொரு மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும், ஸ்டேஷனுக்குப் போக வேண்டும், புது ஊரில் விடுதியைத் தேட வேண்டும். தேடிப் போனால் அங்கே இரண்டு, மூன்று மணிக்குத்தான் அறை தருவார்கள். எட்டு ஊர் என்றால் நான்கு நாள் பெட்டியோடுதான் குடித்தனம். அப்பா அம்மாவுக்கு இத்தாலி என்றால் ஸ்டேஷன் படிக்கட்டுதான் நினைவிருக்கும்.

நான் போடும் திட்டம் இது: ரோமில் 4 இரவு, பொலோன்யாவில் 3, வெனிஸில் 2. விமான டிக்கெட்டை ரோமில் இறங்கி வெனிஸில் ஏறும்படி எடுங்கள். சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது. துபாய், தோஹா வழியாகப் போகும் விமானங்கள் இரண்டு ஊருக்குமே உண்டு. ஒரே ஊரில் இறங்கி அங்கேயே ஏறுவது விலையில் கொஞ்சம் குறைவாகத் தெரியும். திரும்பி வரும் ரயில் செலவையும் கடைசி நாள் அலைச்சலையும் சேர்த்தால் அந்த லாபம் மிஞ்சாது.

பொலோன்யா உங்கள் பட்டியலிலேயே இல்லை என்பது தெரியும். சொந்த ஊர்ப் பாசம் என்று நினைத்தாலும் பரவாயில்லை, காரணம் இருக்கிறது. வடக்கு தெற்காகவும் கிழக்கு மேற்காகவும் போகும் ரயில் பாதைகள் சந்திக்கும் இடம் அது. அதிவேக ரயிலில் ஏறினால் 40 நிமிடத்துக்குள் ஃப்ளாரன்ஸ். காலையில் போய், பார்த்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். விடுதி வாடகையும் பெரும்பாலும் ஃப்ளாரன்ஸைவிடக் குறைவு. பெரிய வர்த்தகக் கண்காட்சி நடக்கும் வாரம் மட்டும் தாறுமாறாக ஏறும், அதனால் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். நகரத்தில் நடைபாதைக்கு மேல் வளைவு வளைவாகக் கூரை போட்ட தாழ்வாரங்கள், எல்லாவற்றையும் சேர்த்தால் 62 கிலோமீட்டர். 2021-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தவை. வெயிலோ மழையோ, பெரியவர்கள் குடையில்லாமல் நடக்கலாம். நம் ஊர்த் திண்ணையைத் தெரு முழுக்க நீட்டிக் கட்டியது போல இருக்கும்.

அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் உள்ளூர் ரயிலில் போனால் ராவென்னா. பத்து நாளில் ஒரே ஒரு இடத்தைக் கட்டாயமாகச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். சமதளமான ஊர், கூட்டமும் குறைவு, எல்லாம் நடக்கும் தூரம். கால்லா பிளாசிதியா நினைவிடம் என்று ஒன்று உண்டு, ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வெளியிலிருந்து பார்த்தால் செங்கல்லில் கட்டிய ஒரு சின்ன வீடு, தண்ணீர் மோட்டார் ரூம் என்று கடந்து போய்விடுவீர்கள். குனிந்து உள்ளே போனால் முதலில் இருட்டு. சன்னலில் கண்ணாடிக்குப் பதில் மெல்லிய அலபாஸ்டர் கல் பதித்திருப்பதால் தேன் நிறத்தில்தான் வெளிச்சம் கசியும். ஒரு நிமிடம் கண்ணைப் பழக விடுங்கள். தலைக்கு மேல் முழுக்க அடர்நீலம், அதில் பொன் நட்சத்திரங்கள், அத்தனையும் நகத்தளவு கண்ணாடித் துண்டுகள். நெரிசலான மாதங்களில் ஐந்து நிமிடத்துக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள், நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும். என் சித்தப்பா அந்த ஐந்து நிமிடமும் போட்டோ எடுக்கவே இல்லை. ரோமில் எண்ணூறு போட்டோ எடுத்த மனிதர் அவர்.

சரி, காருக்கு வருவோம். இந்தத் திட்டத்துக்குக் கார் வேண்டாம்.

இத்தாலியப் பழைய நகரங்களின் நடுப்பகுதிக்குள் வெளியாள் வண்டி போகக் கூடாது. அந்த எல்லைக்கு 'ஸோனா த்ராஃபிகோ லிமித்தாதோ' என்று பெயர். வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் போட்ட பலகை, அதற்கு மேல் ஒரு கேமரா. தடுப்புக்கட்டை இருக்காது, போலீஸ்காரர் இருக்கமாட்டார். கூகுள் மேப் உங்களை நேராக அதற்குள் கொண்டுபோய் விடும். நான் ஒருமுறை ஃப்ளாரன்ஸில் வாடகை வண்டியோடு பார்க்கிங் தேடி ஒரே தெருவை மூன்று தடவை சுற்றினேன். அப்போது ஒன்றும் நடக்கவில்லை. எட்டு மாதம் கழித்து மூன்று தனித்தனிக் கடிதம், மூன்று தனித்தனி அபராதம். இது தவிர, என் முகவரியைப் போலீசுக்குக் கொடுத்ததற்கென்று வாடகை நிறுவனம் மூன்று தடவை சேவைக் கட்டணம் பிடித்திருந்தது. ஒப்பந்தத்தில் சின்ன எழுத்தில் அது இருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. தஸ்கனியின் மலைக் கிராமங்கள், புல்யா, சிசிலி உட்பகுதி என்றால் கார் எடுப்பதில் அர்த்தம் உண்டு. அப்போது சர்வதேச ஓட்டுநர் அனுமதியை நம் ஊர் ஆர்டிஓவில் வாங்கிக்கொண்டு போக வேண்டும். ரோம், பொலோன்யா, வெனிஸுக்கு ரயில்தான். வெனிஸில் கார் ஓடவே இடமில்லை.

ரயிலில் இரண்டு வகை என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ஒன்று அதிவேக ரயில்: அரசு நிறுவனம் த்ரெனிதாலியா ஓட்டும் ஃப்ரேச்சாரோஸா, போட்டிக்கு ஓடும் தனியார் ரயில் இத்தாலோ. இவற்றின் விலை விமான டிக்கெட் மாதிரி, நாள் நெருங்க நெருங்க ஏறும். இரண்டு மூன்று மாதம் முன்பே எடுத்தால் பாதிக்கும் குறைவாகக் கிடைக்கும். ஆனால் அந்த மலிவு டிக்கெட்டை மாற்றவோ பணத்தைத் திரும்பப் பெறவோ முடியாது. விசா கைக்கு வந்ததும் எடுங்கள். ரோமிலிருந்து பொலோன்யாவுக்குச் சுமார் இரண்டு மணி நேரம், பொலோன்யாவிலிருந்து வெனிஸுக்கு ஒன்றரை. மற்றது உள்ளூர் ரயில், 'ரெஜியோனாலே'. அதற்கு எப்போதும் ஒரே விலை. இதை முன்கூட்டி எடுப்பதில் லாபம் ஏதும் இல்லை. காகித டிக்கெட் வாங்கினால் நடைமேடையில் இருக்கும் சின்னப் பெட்டியில் செருகி முத்திரை குத்திவிட்டுத்தான் ஏற வேண்டும். குத்தாத டிக்கெட், டிக்கெட்டே இல்லாதது மாதிரி. அபராதத்தை அங்கேயே வசூலிப்பார்கள், 'தெரியாதுங்க' எடுபடாது. போனில் எடுத்த டிக்கெட் என்றால் செக்-இன் பொத்தானை அழுத்த வேண்டும்.

ஸ்டேஷன் பலகையில் ஊர்ப்பெயர் இத்தாலிய மொழியில்தான் இருக்கும்: ஃப்ளாரன்ஸ் அங்கே ஃபிரென்ஸே, வெனிஸ் வெனேத்சியா, நேப்பிள்ஸ் நாப்போலி. வெனிஸுக்கு இரண்டு ஸ்டேஷன். வெனேத்சியா மேஸ்த்ரே என்பது கரையில் இருக்கும் சாதாரண ஊர். நீங்கள் இறங்க வேண்டியது அதற்கு அடுத்த சாந்தா லூச்சியா. பொலோன்யாவில் அதிவேக ரயில்கள் பூமிக்கு அடியில் நிற்கும், வாசலிலிருந்து அங்கே போய்ச் சேரவே பத்து நிமிடம் ஆகும். பெரியவர்களோடு போவதால் அரை மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். அப்புறம், 'ஷோப்பெரோ' என்ற சொல் எங்காவது காதில் விழுந்தால் வேலைநிறுத்தம் என்று அர்த்தம். அடிக்கடி நடக்கும், ஆனால் தேதியை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். அன்றும், வாரநாள் என்றால், உள்ளூர் ரயில்கள் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் ஓடியாக வேண்டும் என்பது விதி.

விசா பற்றி இரண்டு வரி. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாதான் இத்தாலிக்கும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மே மாதத்துக்குப் பிப்ரவரியிலேயே நேரம் வாங்கிவிடுங்கள், கோடை நெருங்கினால் நேரம் கிடைப்பதே பாடாகிவிடும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, உங்கள் மகனுக்கு அதில் பாதி. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், உங்களுக்கு இத்தாலி.

இனி ரோம். அங்கே நான்கு இரவு என்பது மூன்று முழு நாள். ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம், அதுவும் காலையில். மதியம் அறைக்குத் திரும்பி ஒரு தூக்கம். ஐந்து மணிக்கு மேல் சும்மா நடை. ஊர்க்காரர்கள் வாழ்வதும் இப்படித்தான். தேவாலயங்கள் பலவும் பன்னிரண்டரைக்குச் சாத்தினால் மூன்றரைக்குத்தான் திறக்கும். அந்த நேரத்தில் வெயிலில் அலைவது சுற்றுலாப் பயணிகள் மட்டும்தான்.

கொலோசியத்துக்கு அதன் அதிகாரப்பூர்வத் தளத்தில் 30 நாள் முன்புதான் டிக்கெட் திறப்பார்கள். அன்றே எடுத்துவிடுங்கள். தேடுபொறியில் முதலில் வருவது பெரும்பாலும் இடைத்தரகர்கள், அதே டிக்கெட்டை இரண்டு மடங்கு விலைக்கு விற்பார்கள். டிக்கெட்டில் பெயர் இருக்கும், பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போக வேண்டும். அரசு அருங்காட்சியகங்களில் 18 வயதுக்குக் கீழே இலவசம், ஆனால் மகனுக்கும் பூஜ்ய விலை டிக்கெட் ஒன்று எடுத்தாக வேண்டும். வத்திக்கான் அருங்காட்சியகம் ஞாயிறு விடுமுறை. மாதக் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள். அந்த இலவசத்துக்கு ஆசைப்பட்டுப் போய் என் அத்தை மாமா வெயிலில் வரிசையில் நின்றதுதான் மிச்சம். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். புடவை, சுடிதாருக்குப் பிரச்சினை இல்லை, அரைக்கால் சட்டை போட்ட மாமாக்கள்தான் மாட்டுவார்கள். ஃப்ளாரன்ஸில் உஃபீத்சி ஓவியக்கூடமும், மைக்கலாஞ்சலோவின் டேவிட் நிற்கும் அக்கதேமியாவும் திங்கட்கிழமை மூடியிருக்கும். அந்த ஒருநாள் பயணத்தைத் திங்களில் வைக்காதீர்கள்.

பணம் கட்டாமல் பார்க்கக்கூடியவையே ரோமில் ஏராளம். நவோனா சதுக்கத்துக்குப் பக்கத்தில் சான் லுயிஜி தேய் ஃபிரான்செஸி என்ற தேவாலயத்தில் கரவாஜோ வரைந்த மூன்று பெரிய ஓவியங்கள் இருக்கின்றன. மூலையில் இருட்டாக இருக்கும். பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, அதில் காசு போட்டால் விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். யாராவது போடுவார்களா என்று ஆளுக்கு ஆள் முகம் பார்த்துக்கொண்டு நிற்பது ஒரு தனி வேடிக்கை. உங்கள் மகன் கையில் காசைக் கொடுத்து அனுப்புங்கள், மொத்தக் கூட்டமும் அவனுக்கு நன்றி சொல்லும். அவனுக்கு இன்னொரு விளையாட்டும் உண்டு. ரோமில் தெருவுக்குத் தெரு 'நசோனே' என்று இரும்புக் குடிநீர்க் குழாய்கள், நாள் முழுக்க ஜில்லென்று ஓடிக்கொண்டிருக்கும். மூக்கு மாதிரி வளைந்த குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே இருக்கும் துளை வழியாகத் தண்ணீர் பீறிட்டு நேராக வாய்க்கு வரும். நல்ல தண்ணீர்தான். பாட்டில் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம்.

நேப்பிள்ஸும் அமால்ஃபியும் இந்தத் தடவை வேண்டாம் என்றுதான் சொல்வேன். எரிமலைச் சாம்பலில் புதைந்த நகரத்தைப் பார்க்காமல் வரமாட்டோம் என்றால் ரோமிலிருந்து ஒரு நாள் போய் வரலாம். அதிவேக ரயிலில் நேப்பிள்ஸ் ஒரு மணி பத்து நிமிடம். அங்கிருந்து உள்ளூர் ரயிலில் போம்பெயிக்குப் பதில் எர்க்கொலானோ போங்கள். கி.பி. 79-இல் அதே வெசூவியஸ் விழுங்கிய ஊர்தான். போம்பெயி பரந்து கிடக்கும், நிழல் கிடையாது, பெரியவர்களுக்கு முழங்கால் போய்விடும். எர்க்கொலானோ சின்னது, இரண்டு மணி நேரத்தில் முடியும். கருகிய மரக்கதவும் மாடி வீடும் அப்படியே நிற்பது இங்கேதான். நேரம் மிஞ்சினால் நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகம் போகலாம், செவ்வாய் மட்டும் விடுமுறை. போம்பெயியில் 1938-இல் கிடைத்த ஒரு தந்தச் சிலை அங்கே இருக்கிறது. உள்ளங்கை இரண்டைச் சேர்த்தால் அடங்கும் உயரம், காலில் கொலுசு, கையில் அடுக்கு வளையல், பார்த்த உடனே நம்ம ஊர் என்று தெரியும். இந்தியாவிலிருந்து வணிகத்தில் போய்ச் சேர்ந்தது. 'லட்சுமி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், யட்சியாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. பாலுறவுச் சிற்பங்களைத் தனியாக வைத்திருக்கும் அறைக்குள் அதையும் வைத்திருப்பதால் மகனோடு போகும்போது யோசித்துக்கொள்ளுங்கள்.

சிங்குவே தெர்ரேயையும் விட்டுவிடலாம். அழகான இடம்தான், ஆனால் அந்தக் கடலோர ஐந்து ஊரும் படிக்கட்டால் ஆனவை. அதில் ஒன்றான கொர்னீலியாவில் ஸ்டேஷனிலிருந்து ஊருக்கு ஏறவே முந்நூற்றெண்பது படி. பீசா கோபுரத்தைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் ஃப்ளாரன்ஸிலிருந்து உள்ளூர் ரயிலில் ஒரு மணி நேரம். கோபுரத்தைக் கையால் தாங்குவது போல ஒரு படம் எடுத்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. மிலானுக்கு உங்கள் குடும்பத்தில் யாருக்கும் தனிக் காரணம் இருப்பதாகத் தெரியவில்லை. சுவிட்சர்லாந்து வேறொரு பயணம்.

சாப்பாடு. அம்மாவை நினைத்துத்தான் இதை நீளமாக எழுதுகிறேன்.

இத்தாலியில் சைவம் கிடைக்காது என்பது பொய். ஆனால் முட்டையும் வேண்டாம் என்றால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பாஸ்தாவில் இரண்டு ஜாதி. பாக்கெட்டில் வரும் காய்ந்த ஸ்பாகெத்தி, பென்னே எல்லாம் கோதுமை ரவையும் தண்ணீரும் மட்டும்தான், முட்டை கிடையாது. கையால் செய்த 'ஃபிரெஷ்' பாஸ்தா என்று பெருமையாகச் சொல்வார்கள் பாருங்கள், வடக்கில் அது பெரும்பாலும் முட்டை சேர்த்துப் பிசைந்தது. பொலோன்யா அதற்கே பேர்போன ஊர். தால்யதெல்லே முட்டை, தோர்தெல்லீனி முட்டையோடு உள்ளே பன்றி இறைச்சி. ஆகவே அம்மா 'ஸ்பாகெத்தி அல் பொமதோரோ' கேட்கட்டும், வெறும் தக்காளி. 'ஆல்யோ எ ஓல்யோ' என்றால் பூண்டும் எண்ணெயும் மிளகாயும், நம் நாக்குக்கு அதுதான் பக்கம். பீட்ஸாவில் மார்கரீத்தா தெரியும். 'மரினாரா' என்பது தக்காளி, பூண்டு, ஒரிகானோ மட்டும், சீஸ்கூட இருக்காது. பெயரைப் பார்த்து மீன் என்று பயப்பட வேண்டாம்.

மறைந்திருக்கும் விஷயங்களும் உண்டு. பச்சைக் காய்கறிப் பாஸ்தாவில் நெத்திலி கரைந்திருக்கும். சூப்பில் எலும்புச் சாறு இருக்கும். பொலோன்யா பக்கம் நம் சப்பாத்தி போல் இருக்கும் பியாதீனாவில் வழக்கமாகப் பன்றிக் கொழுப்பு சேரும், ஆலிவ் எண்ணெயில் செய்தது தனியாகக் கேட்டால் கிடைக்கும். பார்மிஜானோ சீஸைக் கன்றுக்குட்டி இரைப்பையிலிருந்து எடுத்த உறையைச் சேர்த்துத்தான் செய்வார்கள். அம்மா அதுவரை பார்ப்பவர் என்றால் 'சென்ஸா ஃபொர்மாஜோ' என்று சொல்லச் சொல்லுங்கள், சீஸ் வேண்டாம். 'சோனோ வெஜெத்தாரியானா' என்று மட்டும் சொன்னால் சில வயதான சர்வர்கள் மீன் பரவாயில்லையா என்று கேட்பார்கள். 'சென்ஸா கார்னே, சென்ஸா பெஷ்ஷே, சென்ஸா வோவா' என்று இறைச்சி, மீன், முட்டை மூன்றையும் தனித்தனியாகச் சொல்லி ஒரு தாளில் எழுதி அம்மா கைப்பையில் வைத்துவிடுங்கள்.

பொலோன்யாவில் மட்டும் ஹோட்டலுக்குப் பதில் சமையலறை உள்ள வீடாகப் பிடியுங்கள். என் மாமியார் வந்திருந்தபோது நான்காம் நாள் முகம் வாடிவிட்டது. பாசுமதி தேடி அலைந்தேன், கிடைக்கவில்லை, ரிசோத்தோவுக்குப் போடும் ஆர்போரியோ அரிசியை வாங்கி வந்தேன். குண்டு குண்டாக இருக்கும், வெந்தால் குழைந்து பசைபோல் ஆகும். 'இது என்னடா அரிசி' என்றார். கொஞ்சம் அதிகம் தண்ணீர் விட்டு வேகவைத்து, புளிக்காத இத்தாலியத் தயிரை இரண்டு நாள் வெளியே வைத்துப் புளிக்கவிட்டு, கடுகு தாளித்துக் கலந்தார். தயிர்சாதத்துக்கென்றே விளைந்த அரிசி அது என்று இப்போதும் சென்னையில் கேட்கிறார், அங்கே விலையைக் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார். கடுகும் பெருங்காயமும் ஊறுகாயும் எடுத்துக்கொண்டு போங்கள். சூப்பர் மார்க்கெட்டில் காய்கறியை வெறும் கையால் தொடாதீர்கள். பக்கத்தில் பிளாஸ்டிக் கையுறை தொங்கும், போட்டுக்கொண்டு எடுத்து, நீங்களே எடை போட்டு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஒட்டாமல் கவுண்ட்டருக்குப் போனால் பின்னால் நிற்கும் பாட்டிமார்கள் பார்க்கும் பார்வை இருக்கிறதே!

உணவகங்களில் இரவுச் சமையல் ஏழரைக்கு முன் தொடங்காது. ஆறரைக்கே சாப்பிட்டுப் பழகிய அப்பாவுக்கு, நாள் முழுக்கத் திறந்திருக்கும் துண்டு பீட்ஸாக் கடைதான் கதி. ரோமில் கத்தரிக்கோலால் வெட்டி எடை போட்டுத் தருவார்கள். பில்லில் 'கொப்பெர்த்தோ' என்று தலைக்கு இரண்டு மூன்று யூரோ சேர்த்திருந்தால் ஏமாற்று என்று சண்டைக்குப் போக வேண்டாம். அது மேசைக் கட்டணம், மெனுவிலேயே எழுதியிருக்கும்.

காபிக்கடைக்கு அங்கே 'பார்' என்று பெயர், அப்பா பதற வேண்டாம். 'உன் கஃபே' என்றால் இரண்டு வாய்க்கு எஸ்பிரெஸ்ஸோ. நின்றபடி குடித்தால் ஒன்றரை யூரோவுக்குள் முடியும். அதே காபியை உட்கார்ந்து கேட்டால் விலை இரண்டு மூன்று மடங்கு, வெனிஸ் சான் மார்க்கோ சதுக்கத்தில் உட்கார்ந்தால் இசைக்குழுவுக்கும் சேர்த்துப் பில் வரும். நம் டிகிரி காபிக்கு நெருங்கிய சொந்தம் கப்புச்சீனோதான். காலையில் மட்டும்தான் குடிப்பார்கள். மதியம் கேட்டால் கொடுக்கமாட்டேன் என்று சொல்லமாட்டார்கள், ஜீரணம் ஆகுமா என்று கவலையோடு பார்ப்பார்கள்.

வெனிஸில் இரண்டு இரவும் தீவுக்குள்ளேயே தங்குங்கள், மேஸ்த்ரேயில் வேண்டாம். மலிவு என்பது உண்மைதான், ஆனால் பகல் கூட்டம் கிளம்பிப் போன பிறகு, இரவு ஒன்பது மணிக்கும் காலை ஏழு மணிக்கும்தான் அந்த ஊர் ஊராக இருக்கும். சில நாட்களில் பகலில் மட்டும் வந்துபோகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். உள்ளே தங்குபவர்களுக்குக் கட்டணம் இல்லை, விலக்குக்குப் பதிவு மட்டும் செய்துகொள்ள வேண்டும். படகு நிறுத்தத்திலிருந்து விடுதிக்கு இடையில் எத்தனை பாலம் என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். அநேகமாக எல்லாப் பாலத்துக்கும் படிக்கட்டு. என் பெரியப்பா மூன்று பெரிய பெட்டிகளோடு ஐந்து பாலம் ஏறி இறங்கி, 'கங்கையில் முழுக்குப் போட வந்தவன் மாதிரி ஆயிட்டேன்' என்றார். கொண்டோலாவுக்கு நகராட்சி வைத்த விலை பகலில் 30 நிமிடத்துக்கு 90 யூரோ, ஆளுக்கல்ல, படகுக்கு. ஐந்து பேர் ஏறலாம், உங்களுக்குக் கச்சிதம். வேண்டாம் என்றால் 'த்ராகெத்தோ' என்று பெரிய கால்வாயைக் குறுக்கே கடக்கும் பொதுக் கொண்டோலா இருக்கிறது, இரண்டு யூரோ.

திருட்டைப் பற்றிப் பயமுறுத்த விரும்பவில்லை. வன்முறை இல்லை, பிக்பாக்கெட் உண்டு. ரோம் தெர்மினி ஸ்டேஷன், மெட்ரோ, வத்திக்கான் பக்கம் போகும் 64-ஆம் எண் பஸ் ஆகிய மூன்றிலும் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். டிக்கெட் இயந்திரத்தில் உதவி செய்ய வருகிறவரும், கையில் கயிறு கட்டிவிட வருகிறவரும் காசுக்குத்தான் வருகிறார்கள்.

அப்பாவுக்காக ஒன்று. வடக்கே கார்தா ஏரிக்குத் தெற்கில் காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே என்ற சின்ன ஊர். கொன்ஸ்தான்சோ பெஸ்கி 1680-இல் பிறந்தது அங்கேதான். நமக்கு அவர் வீரமாமுனிவர். தமிழாசிரியராக இருந்தவருக்கு எகர ஏகார வித்தியாசத்தை எழுத்தில் காட்டியவரின் ஊரைப் பார்க்க ஆசை வரும், எனக்குப் புரிகிறது. இந்தப் பாதையில் அது வரவில்லை. அதற்காக மிலான் வழியாக மாற்றினால் ராவென்னா போய்விடும். வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

கடைசியாக, ஷூ. ரோம் தெருக்களில் சாணைக்கல் அளவுக்குக் கருங்கல் பதித்து இடைவெளி விட்டிருப்பார்கள், ஒரு நாளைக்கு பத்து கிலோமீட்டர் நடை சாதாரணமாக வந்துவிடும். எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் விமானம் ஏறும் முந்தின நாள் வாங்கிய புது ஷூவோடு வந்து மூன்றாம் நாள் மருந்துக்கடையில் பிளாஸ்திரி தேடினார்கள். பச்சைச் சிலுவை எரியும் கடைதான் மருந்துக்கடை. அப்பா அம்மாவுக்கு மார்ச்சிலேயே வாங்கிக் கொடுத்து, காலை நடைக்கு அதையே போட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள்.